சோதனைக்கு நின்ற ரோபோ

அன்புள்ள இமெல்டாவுக்கு, மாதா துணையால் நான் சுகம். உன் முட்டு வருத்தம் எப்படி, இரவில் இன்னும் மூச்சு இழுக்கிறதா?

நேற்று கொட்டாஞ்சேனையில் என் மானம் போயிற்று. அறைத் தோழன் ஹெக்டர் வீடியோ கேம் கடைக்கு இழுத்துப்போய், மின்னலாய் ஓடும் ராட்சத ரோபோ ஒன்றை ஓட்டத் தந்தான். எதிரி ரோபோ சுடுவதற்குத் துவக்கை நீட்டியபடி பாலத்தை மறித்தது. நான் என் ரோபோவை நிறுத்திவிட்டு அடையாள அட்டைக்குச் சட்டைப்பையைத் தடவினேன். அதற்குள் அது சுக்குநூறாகிவிட்டது.

"அண்ணை, ரோபோவிட்ட ஆர் ஐசி கேக்கிறது? அடியுங்கோ!" என்றான் ஹெக்டர். கடையே சிரித்தது.

இதுவரை பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டு. மீதி உனக்கு மட்டும்.

என் பிறப்புச் சான்றிதழை உடனே வத்தளை மடத்துக்கு வரும் சிஸ்டரிடம் கொடுத்துவிடு. செவ்வாய்க்கிழமை ஒரு சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை வாங்கிய ஆமிக்காரர் திருப்பித் தரவில்லை; புதிது எடுக்க வேண்டும். பயப்படாதே, வேலைக்குச் சந்துவழியாகப் போய்வருகிறேன். தபால் நேரம், முடிக்கிறேன்.

ஹெக்டரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால், அட்டை இல்லாதவனோடு சேர்த்துத் தன்னையும் பிடிப்பார்கள் என்று பயந்து அவன் வேறு அறை பார்த்துப் போய்விடுவான்.

உன்,
வலன்ரைன்