ஐந்தாவது வண்டி

ஒக்ரோபர் 26, ஞாயிறு

மழை. ஹீற்றர் போட்டால் வியர்க்கிறது, நிறுத்தினால் கால் விறைக்கிறது.

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் யூனியன்வில்லில், சேவியர் அங்கிளின் கராஜில் கூட்டம். பாலைவனத்தில் ஜீப் ஓட்டப் போகிறவர்களின் சங்கம். தலைவர், செயலாளர், பொருளாளர், யாப்பு, பெயர் அடித்த ரீசேர்ட் எல்லாம் உண்டு. பாலைவனத்தைத்தான் இன்னும் பார்க்கவில்லை. நிரோஷன் ஊடகப் பொறுப்பாளர். அதாவது தன்னைத் தானே படம் எடுப்பவர்.

தலைவர் சேவியர் அங்கிள் மட்டும் முன்பு வளைகுடாவில் வேலை செய்தபோது மணலில் வண்டி ஓடியவர். சொன்னதில் உருப்படியானது ஒன்று:

"முன்னுக்குப் போறவனைப் பாத்துக்கொண்டு ஓடாதேங்கோ. பின்னுக்கு வாறவனைக் கண்ணாடியிலை பாருங்கோ. அவன் தெரியாட்டி நில்லுங்கோ. ஒவ்வொருத்தரும் தனக்குப் பின்னால வாறவனுக்குப் பொறுப்பு. கொன்வோய் எண்டா உதுதான்."

எல்லோரும் "ஓம் அண்ணை" என்றார்கள். பிறகு அரை மணி நேரம் ரீசேர்ட்டின் நிறம் பற்றிய விவாதம்.

வண்டிகளின் வரிசை: தலைவர், செயலாளர், பொருளாளர், ஊடகம். பதவி வரிசை. மணலுக்குப் புதியவரைத் தலைவருக்கு அடுத்ததாக விட வேண்டும், நன்றாக ஓடத் தெரிந்த ஒருவர் கடைசியில் வர வேண்டும் என்று படித்திருந்தேன். சொன்னேன். செயலாளர் சிரித்தார்.

"அப்ப செயலாளர் கடைசியிலை வாறதோ தங்கச்சி? படத்திலை எப்பிடி இருக்கும்?"

கடைசி வண்டி எனக்கு. அதை ஓட்ட இருந்தவனுக்கு லீவு கிடைக்கவில்லை. சங்கத்தில் நான் உறுப்பினர்கூட இல்லை. நிரோஷன்: "நீர் ஓடுமன். நான் முன்னாலதானே இருப்பன்." அவனுடைய வண்டியில் நண்பர்கள் இருவரும் கமராக்களும். இடமில்லை.

ஏன் போகிறேன் என்று எழுதி வைக்கிறேன். மே மாதம் எனக்கும் நிரோஷனுக்கும் கல்யாணம் என்று பேச்சு. விட்பியில் வீடு வாங்கிவிட்டான். மண்டபத்துக்கு நவம்பர் நடுவில் முடிவு சொல்ல வேண்டும். அம்மா எப்போதோ முடிவு செய்துவிட்டார். நான் இன்னும் இல்லை. இந்த ஒரு வருடத்தில் அவனை விருந்துகளிலும் உணவகங்களிலும்தான் பார்த்திருக்கிறேன். வேறு மாதிரியான இடத்தில் பார்க்க வேண்டும்.

நவம்பர் 2, ஞாயிறு

குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிய நாள். நாலரைக்கே இருட்டத் தொடங்கிவிட்டது.

வாங்கியவை: வெயிலுக்குப் பூசும் கிறீம், தொப்பி, தலையிடிக் குளிசை. வாங்காதவை: ரீசேர்ட்.

நிரோஷன் கூப்பிட்டான். நான் வேலையில் நடந்த ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஓம், ஓம்" என்றான். நான் கேள்வி ஒன்று கேட்டேன். அதற்கும் "ஓம்." ஓம் என்று பதில் சொல்ல முடியாத கேள்வி அது. சுட்டிக்காட்டினேன். "சொறி பேப், எடிற் பண்ணிக்கொண்டிருக்கிறன்."

நவம்பர் 7, வெள்ளி

லாஸ் வேகாஸ். வெளியே குளிரூட்டியைவிட நல்ல குளிர்ச்சி. விமானத்தில் பொருளாளர் பக்கத்து இருக்கைக்காரருக்குச் சங்கத்தின் யாப்பை விளக்கினார். அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். பொருளாளர் நிறுத்தவில்லை.

வாடகைக்கு எடுத்த வீடு. ஆண்கள் முற்றத்தில் ரயர் பற்றிப் பேசினார்கள். சேவியர் அங்கிளின் மனைவி ரோஸ் அன்ரி குசினியில் நாளைக்குச் சோறும் ரோல்ஸும். உதவிக்குப் போனேன். மன்னார்க்காரி, வாய் ஓயாது.

"உந்த மனுசன் ஓடினா எனக்குச் சத்தி வரும். நாளைக்கு நான் உம்மோடை வாறன். சாப்பாட்டையும் உம்மடை வண்டியிலை ஏத்துவம். அவங்களிட்டை விட்டா வழியிலையே முடிச்சுப்போடுவாங்கள்."

இரவுச் சாப்பாட்டின்போது சேவியர் அங்கிள் உரை. ஐந்திணையில் பாலை வீரத்துக்குரிய நிலமாம். கைதட்டல். பிரிவுக்குரியது என்று சொல்ல வாயெடுத்து, பப்படம் தின்றேன்.

நவம்பர் 8, சனி

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன். கை இன்னும் எரிகிறது.

காலையில் மணல் தொடங்கும் இடத்தில் பூசை. செயலாளர் ஒவ்வொரு சில்லுக்கும் கீழே ஒரு தேசிக்காய் வைத்தார். சேவியர் அங்கிள் போத்தலில் கொண்டுவந்த தீர்த்தம் தெளித்தார். இரண்டு சமயங்களின் பாதுகாப்பும் கிடைத்தது. பிறகு மணலில் புதையாமல் ஓட ரயர்களில் காற்றைக் குறைக்க வேண்டும். இரண்டு ரயருக்குப் பிறகு எல்லோருக்கும் அலுத்துவிட்டது. "காணும், காணும்."

நிரோஷனின் வண்டியில் உள்ளே இருக்கும் கண்ணாடியின் மேல் கைப்பேசி கட்டியிருந்தது, அவன் முகம் தெரியும்படி.

"அப்ப என்னை எப்பிடிப் பாப்பீங்கள்?"

"சைட் மிரர் இருக்குத்தானே."

இரண்டாவது மேட்டில் அவனுடைய வண்டியின் செம்மஞ்சள் கொடி உச்சியைத் தாண்டி மறைந்தது. நான் பாதி ஏற்றத்தில் பயந்து காலை எடுத்துவிட்டேன். வண்டி நின்றது. மறுபடி அழுத்தினேன். சில்லு தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டது. பிழை என்னுடையது, அதில் சந்தேகம் இல்லை.

"நிண்டிட்டமோ?" என்றார் ரோஸ் அன்ரி.

"ஓம் அன்ரி."

"அப்ப ஒரு ரோல்ஸ் எடும்."

கைப்பேசிக்கு அங்கே சிக்னல் இல்லை. முன் வண்டிகளில் பெரிய ரேடியோ. எங்களிடம் கையில் பிடிக்கும் சின்ன வோக்கி. அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்டது, நாங்கள் பேசுவது மேட்டைத் தாண்டிப் போகவில்லை. சேவியர் அங்கிள் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். ரெண்டு? ஓம் அண்ணை. மூண்டு? ஓம் அண்ணை. நாலு? ஓம் அண்ணை.

"அஞ்சு?"

பொத்தானை அழுத்திக் கத்தினேன். நிண்டிட்டம், நில்லுங்கோ.

"அஞ்சு? பிள்ளை வாறாவோ?"

அப்போது நிரோஷனின் குரல். பின்னால் பாட்டு, யாரோ சிரிக்கும் சத்தம்.

"ஓம் அண்ணை, அவ என்ரை பின்னாலதான் வாறா."

பயம் வரவில்லை. வெட்கம் வந்தது. யாரோ என் பெயரில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்துக்கொண்டிருந்ததுபோல.

ரோஸ் அன்ரி வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஆம்பிளையள் உப்பிடித்தான் பிள்ளை. இவர் ஒருக்கா என்னைச் சேர்ச்சிலை விட்டிட்டு வீட்டை போனவர். நான் வானுக்குப் பின்னால நித்திரை எண்டு நினைச்சவராம்."

"பிறகு?"

"பிறகென்ன. ஆரோ கொண்டுவந்து விட்டிச்சினம். வந்து சமைச்சுக் குடுத்தனான்."

அந்த மணலில் நான் கேட்ட மிகப் பயங்கரமான கதை அதுதான். அவர் அதை நகைச்சுவையாகச் சொன்னார். பாதி ரோல்ஸ் என் கையில் அப்படியே இருந்தது.

இறங்கி, நான்கு ரயர்களிலும் காற்றை ஒழுங்காக இறக்கினேன். மண்வெட்டி முதல் வண்டியில். அலுமினியத் தட்டொன்றைக் காலிசெய்து அதால் தோண்டினோம். சில்லுகளுக்கு முன்னால் கால்மிதிகளை விரித்தேன். ஏற்றத்தில் ஏற முயலாமல் பின்னுக்கே உருட்டி இறக்கினேன். வெளியே வந்துவிட்டது. ரோஸ் அன்ரி வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றி மணலைக் கொட்டிக்கொண்டிருந்தபோது வோக்கி மறுபடி:

"சாப்பாடு எந்த வண்டியிலை?"

"அஞ்சாவதிலை."

"அஞ்சாவது எங்கை?"



"பாரும்," என்றார் ரோஸ் அன்ரி. "என்னைத் தேடேல்லை. ரோல்ஸைத் தேடுகினம்."

நான்கு வண்டிகளும் திரும்பி வந்தன. நிரோஷன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி இறங்கினான். சேவியர் அங்கிள் மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார்.

"ஓம் எண்டு ஏன் சொன்னீங்கள்?"

"நீர் வருவீர் எண்டு எனக்குத் தெரியும்தானே. உதுக்குப் பேர்தான் ட்ரஸ்ற்."

"பாத்தனீங்களோ?"

"ஹோர்ன் அடிச்சிருக்கலாமே நீர்."

பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். ரோல்ஸ் காணாது என்று முறைப்பாடு.

நவம்பர் 10, திங்கள்

ரொறன்ரோ. முதல் பனி, ஏற்கெனவே அழுக்கு. பைக்குள் மணல், காதுக்குள் மணல்.

காணொளி வந்துவிட்டது. தலைப்பு "ஒரே குடும்பம்." முகம் முழுக்க மணலோடு அலுமினியத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அதன்மேல் ஒரு இதயம் பறக்கிறது. பின்னணியில் வீணை. அவன் ரேடியோவில் பேசிய இடமும் இருக்கிறது. நல்ல தெளிவாக, தன் முகத்தைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டே "வாறா" என்கிறான். அதை வெட்டக்கூடத் தோன்றவில்லை. தான் செய்தது என்ன என்றே தெரியவில்லை. பொய் என்று தெரிந்து சொல்லியிருந்தால் கொஞ்சம் மதித்திருப்பேன்.

அம்மா இரண்டு தரம் பார்த்தார். "எல்லாரும் சந்தோசமா நிக்கிறியள்."

"ஓம் அம்மா." நானும் ஓம் சொல்லிப் பழகிவிட்டேன்.

நவம்பர் 15, சனி

குளிர், காற்று. இன்றைக்குள் மண்டபத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். மணவறைக்கு நிறம் தெரிவுசெய்ய நிரோஷனின் அம்மா விட்பி வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். நிரோஷன் ஸ்காபரோவில் நண்பனைப் பார்க்க வந்திருந்தான். தன் காரைப் பின்தொடரச் சொன்னான். நானும் கிளம்பினேன். போய்ச் சேரும்போது என்ன சொல்வேன் என்று உண்மையிலேயே தெரியாது. ஓம் என்று சொல்லியிருக்கவும் கூடும்.

நாங்கள் இருவரும் போன் இணைப்பில். 401 நெடுஞ்சாலையில் பெற்றோல் விளக்கு எரிந்தது.

"நான் இதிலை இறங்கிப் பெற்றோல் அடிக்கிறன். நீங்கள் கொஞ்சம் நில்லுங்கோ."

"ஓம் ஓம்."

இறங்கினேன். அவனுடைய கார் அதே வேகத்தில் போனது. பம்பில் நின்றேன். விரல் விறைத்தது. தன் அம்மாவையும் இணைப்பில் சேர்த்தான் போலும், போனிலிருந்து அவருடைய குரல்:

"தம்பி, எங்கை நிக்கிறியள்? தேத்தண்ணி வைக்கட்டோ? பிள்ளை வாறாவோ?"

"ஓம் அம்மா, என்ரை பின்னாலதான் வாறா."

பம்பைத் திரும்ப மாட்டினேன். போனை வாய்க்குக் கிட்டப் பிடித்தேன். இந்த முறை கத்தத் தேவையிருக்கவில்லை.

"இல்லை அன்ரி. நான் வரேல்லை."