மேற்குச் சுவரில் ஒட்டியது

மே 2, 2024

காலையில் எங்கள் மேல்விஷாரத்திலேயே, எனக்குச் சித்தப்பா முறையான ரஷீத் சாச்சா வீடு, மத்தியானம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீஸ். இரண்டும் முடிந்தது. முதுகு விட்டுப்போச்சு.

சாச்சா வீட்டில் மாட்டியது வயர் இல்லாத தெர்மோஸ்டாட். அவர் மகன் வக்கார் துபாயிலிருந்து அனுப்பியது. சுவரில் ஒரு சின்னப் பெட்டி, பேட்டரியில் ஓடும். அறை எவ்வளவு சூடு என்று பார்ப்பது அதுதான். ஏசி பக்கத்தில் இன்னொரு பெட்டி. முதல் பெட்டி சொல்கிறபடி இது ஏசியை ஓட்டும், நிறுத்தும். மார்கழியில் அறையைச் சூடாக்கவும் செய்யும். எல்லாம் அவர் மனைவி ஷஹீன் சாச்சிக்காக. பக்கவாதம் வந்து வலது பக்கம் அசையாது, பேச்சும் போய்விட்டது. குளிருது, புழுங்குது என்று அவரால் சொல்ல முடியாது.

இருபத்தாறு டிகிரியில் வைத்தேன். வீட்டில் வாண்டுகள் இருப்பதால் பட்டன்களைப் பூட்டினேன். நாலு எண் போட்டால்தான் திறக்கும். சாச்சியைப் பார்த்துக்கொள்ளும் ஜெயம்மாளக்கா அங்கே இருந்தார். அழுத்தினாலும் ஒன்றும் ஆகாதுக்கா, பூட்டியிருக்கு என்று சொன்னேன்.

உள்சுவரில்தான் மாட்டியிருக்க வேண்டும். டிரில் பிட் உடைந்துவிட்டது. ஆம்பூரிலிருந்து போன் மேல் போன். மேற்குச் சுவரில் டேப் போட்டு ஒட்டிவிட்டு வந்துவிட்டேன். நாளைக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம்.

மே 4

கத்திரி ஆரம்பம். ஏழு ஏசி சர்வீஸ். சாச்சா வீட்டுக்குப் போக முடியவில்லை.

மே 6

ஜெயம்மாளக்கா போன் செய்தார். சாயங்காலம் ஆனால் அறை ரொம்ப ஜில்லென்று ஆகிறதாம். ஏசி நிற்கவே மாட்டேன் என்கிறதாம். சாச்சிக்கு இரண்டு கம்பளி போர்த்தியிருக்கிறாராம். வீட்டு மருமகள் முபஷ்ஷிராவிடம் சொன்னாராம். பெட்டியில் இருபத்தெட்டு காட்டுகிறது, உங்களுக்குத்தான் அப்படித் தோன்றுகிறது, ஏசியை அணைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டாராம்.

நானும் அதையேதான் சொன்னேன். வெயிலிலிருந்து உள்ளே வந்தால் அப்படித்தான் இருக்கும்க்கா.

அவர் எங்கே வெயிலில் போகிறார்? நாள் முழுக்க அந்த அறையில்தானே இருக்கிறார். போனை வைத்த பிறகுதான் தோன்றியது. ஒரு நிமிஷம்தான். அடுத்த வீட்டு பெல் அடித்துவிட்டேன்.

மே 9

எழுதாமல் படுத்துவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

நேற்று சாயங்காலம் சாச்சியை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். உதடு நீலம் பாரித்து, உடம்பெல்லாம் சில்லிட்டுப்போய். இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தால் சொல்வதற்கில்லை என்றாராம் டாக்டர்.

சாச்சா என்னைக் கூப்பிட்டார். அறைக்குள் தனியாகப் போனேன். மேற்குச் சுவரில் கை வைத்தேன். தோசைக்கல் மாதிரி இருந்தது. பெட்டி அந்தச் சூட்டைத்தான் படித்துக்கொண்டிருக்கிறது. அறை எவ்வளவு குளிர்ந்தாலும் அதற்குத் தெரியாது, ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். என் தெர்மாமீட்டரைக் கட்டில் மேல் வைத்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். கட்டிலில் பதினெட்டு. பெட்டியில் இருபத்தெட்டு.

வெயில் படும் சுவரில் மாட்டாதே என்று பெட்டியோடு வந்த புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

வெளியே வந்தேன். ஹாலில் சாச்சா, முபஷ்ஷிரா. ஓரமாக ஜெயம்மாளக்கா நின்றிருந்தார். தனக்குப் புழுங்குகிறது என்று ஜெயம்மாளக்காவே குறைத்து வைத்துவிட்டு, யாராவது வந்தால் ஏற்றிவிடுகிறார் என்று முபஷ்ஷிராவுக்குச் சந்தேகம். சாச்சா என்னைப் பார்த்தார்.

"உனக்குத்தான் தெரியும். அந்தம்மா கம்மி பண்ணியிருக்குமா?"

"அழுத்திப் பாத்திருக்கலாம் சாச்சா."

சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்ன மாதிரி கூட இல்லை. வார்த்தை தானாக வந்து விழுந்தது.

ஜெயம்மாளக்கா சத்தம் போடவில்லை. "நீதானே தம்பி பூட்டிக்கீதுன்னு சொன்ன?" என்றார்.

நான் குனிந்து டேப்பைச் சுற்றிக்கொண்டே, பேட்டரி கம்மியானால் பூட்டு திறந்துகொள்ளும் என்றேன். அப்படியெல்லாம் கிடையாது. அதுவும் பொய். முதல் பொய்யையாவது பயத்தில் சொன்னேன். இதை எதில் சொன்னேன்?

முபஷ்ஷிரா ஜெயம்மாளக்காவின் பையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அவர் வெளியே போனதும் பெட்டியைக் கழற்றி உள்சுவரில் திருகினேன். எதற்கும் இங்கே இருக்கட்டும் என்றேன். சாச்சா டீ வரவழைத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

மே 10

ஜும்மா தொழுகை. சாச்சா முன் வரிசையில் இருந்தார். தொழுகை முடித்து சலாம் கொடுத்த கையோடு பின் வாசல் வழியாக வந்துவிட்டேன்.

மே 13

சாச்சி கண் திறந்துவிட்டார், சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். செய்தி கேட்டதும் ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன்.

அவருக்காகவா அழுதேன்? இல்லை. நான் தப்பித்தேன் என்று அழுதேன். எழுதும்போதே கை கூசுகிறது.

மே 17

தொழுகை முடிந்து பின் வாசலுக்குப் போவதற்குள் சாச்சா கையைப் பிடித்துவிட்டார். பக்கத்தில் உமர் ஃபாரூக் பாய், தோல் மண்டி வைத்திருப்பவர். அவர் வீட்டிலும் மூன்று அறைக்கு இதே மாதிரி மாட்ட வேண்டுமாம்.

"நம்ம பையன். நம்பி வீட்டுக்குள்ள விடலாம்," என்றார் சாச்சா.

சிரித்தேன். இப்போது நினைத்தாலும் என் முகத்தில் அந்தச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது.

மே 20

உமர் பாய் வீடு. வெயில் படாத சுவராகப் பார்த்து, ஐந்தடி உயரத்தில் துளை போட்டு மாட்டினேன். ஏசிக் காற்று நேராகப் படுகிறதா, பக்கத்தில் விளக்குச் சூடு வருகிறதா என்று பார்த்தேன். கட்டிலில் தெர்மாமீட்டர் வைத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு பொறுமையாக வேலை செய்கிற ஆளைப் பார்த்ததில்லை என்றார் பாய்.

மே 22

வீட்டுக்கு நோயாளி பார்க்க ஆள் அனுப்பும் வேலூர் ஏஜென்சிக்குப் போன் போட்டேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ஜெயம்மாள் என்று ஒருவர் இருந்தாரே என்று கேட்டேன். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அதுவும் பொய்யில் சேர்ந்தது.

அங்கே பஞ்சாட்சரம் என்று ஒருவர் பேசினார். "அந்தம்மாவ எடுத்துட்டோம் சார். குளிர்ல போட்டு ஒரு பேஷண்ட சாகடிக்கப் பாத்தாங்க. வேற நல்ல ஆளா தர்றேன்."

ஜெயம்மாளக்காவுக்கு நெமிலிப் பக்கம் ஊராம். இனி எந்த ஏஜென்சியும் எடுக்காது என்றார்.

மே 23

புஷ்ராவிடம் சொன்னேன். மனைவியிடம் இதைச் சொல்ல இரண்டு வாரம் ஆகியிருக்கிறது. திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அந்தம்மா முன்னாடியே உங்களுக்கு போன் பண்ணாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆமா என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மே 25

சாச்சா வீட்டுக்குப் போனேன். சாச்சியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் உறைத்தது. ஜெயம்மாளக்கா பெட்டியைத் தொடவே இல்லை என்று இந்த வீட்டில் கண்ணால் பார்த்த ஒரே ஆள் சாச்சி. அவரால் சொல்ல முடியாது. சொல்ல முடிந்தவன் நான்.

சுவர், டேப், பூட்டு, பேட்டரி என்று சொன்ன பொய் — ஒன்று விடாமல் சொன்னேன். கடைசியில் சாச்சா கேட்டார்.

"அன்னிக்கி என் மூஞ்சப் பாத்துத்தானே சொன்ன?"

"ஆமா சாச்சா."

"நீ தப்பா மாட்டினத நான் விட்டுடுவேன். ஆனா உன் பேச்சக் கேட்டு அந்தம்மாவ நிக்கவச்சுப் பேசி அனுப்பிட்டேன். இதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?"

அவர் ஏஜென்சிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். பஞ்சாட்சரத்திடம் எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். பாதியில் முணுமுணுக்க ஆரம்பித்தேன். சத்தமா சொல்லு என்றார் சாச்சா.

முடிந்ததும், இனி இந்த வீட்டுக்கு வராதே என்றார். அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மே 27

நெமிலிக்குப் பக்கத்துக் கிராமம். ஜெயம்மாளக்கா கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று கூப்பிட்டேன். கை மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தார். என்னை விட இருபது வயது மூத்தவர். காலில் விழப் போனேன். வேணாம், பக்கத்துக் கொல்லையில ஆளுங்க பாக்கறாங்க என்று நகர்ந்துகொண்டார்.

சாச்சா ஏற்கெனவே போன் செய்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார். திரும்ப வேலைக்கு வரச் சொன்னாராம். மாட்டேன் என்றுவிட்டாராம்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பயந்துட்ட, அது தெரிஞ்சுது. எல்லாரும் பயப்படறதுதான். ஆனா டீ குடிச்ச பாரு தம்பி. ஆட்டோ வர்ற வரைக்கும் கேட்டாண்டதான் நின்னுனு இருந்தேன். ஜன்னல்ல தெரிஞ்சுது."

அவ்வளவுதான். திரும்பக் கொல்லையில் இறங்கிவிட்டார்.

ஜூன் 11

உமர் பாய் மீதி வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். மேல்விஷாரத்தில் இனி யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடக் கூடாது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

ஜூலை 1

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை கிடைத்தது. ஏன் சொந்தத் தொழிலை விட்டாய் என்று மேனேஜர் சீனிவாசன் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். ஆறு மாதம் தனியாக எதிலும் கை வைக்காதே, செய்ததை இன்னொருவர் பார்த்த பிறகுதான் ஓட்ட வேண்டும் என்றார். சரி என்றேன்.

ஆகஸ்ட் 12

காலை ஆம்பூர் பஸ். வேலூரில் ஜெயம்மாளக்கா ஏறினார். தோளில் துணிப்பை, கையில் ஏஜென்சி அட்டை. என் பக்கத்து சீட் மட்டும்தான் காலி. பார்த்தார், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எழுந்தேன். உட்காரு என்று கையால் காட்டினார். கொஞ்ச தூரம் போனதும் வந்து உட்கார்ந்தார்.

பள்ளிகொண்டாவில் ஒரு வீட்டில் வேலையாம். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அவராகத்தான் சொன்னார்.

"நேத்து சாச்சியப் பாத்துட்டு வந்தேன். ஞாயித்துக்கெழமைல போறது. இடது கையால ஸ்பூன் புடிக்கிறாங்க. ரெண்டு இட்லி சாப்ட்டாங்க."

பள்ளிகொண்டாவில் இறங்கிப் போனார்.