இவர் வளைத்துக் கட்டிய ரோசா

ஏப்ரல் 18, சனி

தோட்டம் துப்புரவாக்க அண்ணை பிறம்ரன் நகரிலிருந்து வந்தார். படுக்கையில் கிடக்கும் இவருக்கு மருந்து கொடுத்துவிட்டு நான் வெளியே வந்தபோது, வேலியில் படர்ந்திருந்த கொடிரோசாவை முழங்கால் உயரத்துக்கு வெட்டி முடித்திருந்தார்.

"ஊரில ரோசாவை இப்பிடித்தானே வெட்டுறது. நல்லாத் துளிர்க்கும்," என்றார்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்த ரோசா பழைய கொப்பில் மட்டும்தான் பூக்கும். அந்தக் கொப்புகளை வருடக்கணக்காக வளைத்து வளைத்துக் கட்டியவர் இவர். வாய்வரை வந்த ஏச்சை விழுங்கிக்கொண்டு அண்ணைக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

பின்னேரம் இவரை ஜன்னலடியில் இருத்தினேன். வெறும் வேலியைக் கனநேரம் பார்த்தார்.

"மச்சானை ஏசாதையும். அடுத்த வருஷம் பூக்கும்தானே."

டொக்டர் இந்தக் கோடை வரைக்கும்தான் சொல்லியிருக்கிறார். அது இவருக்கும் தெரியும்.

"ஓம்," என்றேன்.