வளையம் பட்ட அம்பு

நேற்று சாயங்காலம் உன் மகன் வந்திருந்தான். அக்குளில் பழைய சேலைத் துணி சுற்றிய ஏதோ ஒன்று, தாம்பாளம் போல வட்டமாக. பலகாரத் தட்டு கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்து, "எதுக்குப்பா இதெல்லாம்" என்றுகூடச் சொல்லிவிட்டேன். மேசைமேல் வைத்து முடிச்சை அவிழ்த்தான். முதலில் விளக்கெண்ணெய் வாசம் வந்தது. பின்னாலேயே வைக்கோல் தூசி. என்னவென்று பார்ப்பதற்குள் தும்மல் வந்துவிட்டது. உன் வீட்டு வைக்கோல் போர் பக்கம் வந்தாலே எனக்கு வருமே, அதே மூன்று தும்மல்.

நம்முடைய மூங்கில் வளையம்!

அடிப்பாவி, இத்தனை வருஷமாக இதை எங்கேடி ஒளித்து வைத்திருந்தாய்? கொட்டகையைப் பிரித்தபோது அடுப்புக்குப் போயிருக்கும் என்று நான் எப்போதோ கணக்குத் தீர்த்திருந்தேன். நீயானால் வருஷா வருஷம் எண்ணெய் தடவி வைத்திருக்கிறாய். சுற்றிலும் அம்பு பட்ட தழும்பு, விரல் வைக்க இடமில்லை. அதில் ஒரே ஒரு தழும்பில் மட்டும் நீலப் பெயிண்ட். அதைப் பார்த்ததும் எனக்கு முகத்தில் சூடு ஏறிவிட்டது. உன் மகன் ஏதோ கேட்டான். காப்பி போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டேன்.

போகும்போது வாசலில் நின்று அவன் ஒரு வார்த்தை சொன்னான். அதற்காகத்தான் இந்த மடல். ஆனால் அதைக் கடைசியில்தான் சொல்வேன். ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் மேற்கொண்டு எழுத எனக்குத் தைரியம் இருக்காது.

உன் மாமனாருடைய அந்தச் சரளைக் காட்டில் வேர்க்கடலைகூட ஒழுங்காக வராது. அடி அண்ணாமலையில் அதைவிடத் தரித்திரம் பிடித்த நிலம் கிடையாது என்று நீயே சொல்வாய். அதனால்தான் வில் சங்கத்துக்கு விட்டார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் டவுனிலிருந்து சைக்கிளில் வந்துவிடுவார்கள். சைக்கிள் கடை வைத்திருந்த செயலாளர், வில் செய்து கொடுக்கும் தச்சர், கோயிலில் முறை இல்லாத நாள்களில் வரும் குருக்கள், இன்னும் ஏழெட்டுப் பேர். மூங்கில் வில், கறிக்கடையில் கேட்டு வாங்கிய சேவல் இறகு ஒட்டிய அம்பு. மலையைப் பார்த்து அம்பு விடக் கூடாது என்பது சங்கத்தின் முதல் விதி. அதனால் மலைக்கு முதுகைக் காட்டி மேற்கே பார்த்துத்தான் நிற்பார்கள். மத்தியானத்துக்கு மேல் வெயில் கண்ணில் அடிக்கும் என்று எல்லாம் காலையிலேயே முடிந்துவிடும். சாமிக்கு முதுகு காட்டலாமா என்று புதிதாக வந்த ஒருவர் தயங்கியபோது நீ சொன்னாய்: "அவரு பின்னால நின்னு பாத்துக்கறாரு. நீங்க வுடுங்க."

நீ அதில் நுழைந்த கதையை இப்போது நினைத்தாலும் சிரிப்புத்தான். ஒவ்வொரு அம்புக்கும் ஆண்கள் சண்டை போடுவார்கள். பட்டது, படவில்லை, உள்ளே, வெளியே என்று. மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்த உனக்கு எல்லாம் நேராகத் தெரியும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அங்கிருந்தே கத்தினாய்: "யோவ், அது மண்ணுதான்யா! நான் பாத்தேன்!" அடுத்த வாரத்திலிருந்து நீதான் குறி சொல்பவள். வைக்கோல் பிரியைச் சுற்றிக் கட்டி, முகப்பில் இந்த மூங்கில் வளையத்தைப் பதித்த இலக்குக்குப் பக்கத்தில், இரண்டு பாறாங்கல்லுக்குப் பின்னால் ஒரு பள்ளம். அதில் உட்கார்ந்து கல் இடுக்கு வழியாகப் பார்ப்பாய். வளையத்துக்குள் குத்தினால் "சேந்துச்சு!" என்பாய். தப்பினால் "மண்ணு!" அம்பு வளையத்தில் பட்டால் "வளையம்!" அப்படிப் பட்ட அம்பு சறுக்கிப் போய் உள்ளேயே குத்தி நின்றாலும் கணக்கில் வராது. தொட்டுவிட்டு உள்ளே போவது போனதாகாது என்று செயலாளர் வைத்த விதி அது. கேட்பவர்களுக்குக் கிறுக்குத்தனமாக இருக்கும். நமக்கு அதுதான் சட்டம்.

ரமணாசிரமம் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? கண்ணை மூடிக்கொண்டு அம்பு விட்டார். நீ "மண்ணு!" என்று கத்தினாய். ஏதோ ஆசீர்வாதம் என்று நினைத்து அவர் உன்னைப் பார்த்துக் கை கூப்பினார். குருக்கள் சிரித்துச் சிரித்துக் குடுமி அவிழ்ந்துவிட்டது. அதற்கப்புறம் நம் இருவருக்கும் உலகத்தில் மூன்றே வார்த்தைதான். பெண் பார்க்க வந்தவன் பிடிக்கவில்லை என்றால் மண்ணு. உன் நாத்தனாருக்கு வரன் அமைந்தபோது சேந்துச்சு. நான் டிபார்ட்மென்ட் பரீட்சையில் ஒரு மார்க்கில் போனபோது வளையம்.

நான் எப்படி வந்தேன்? பள்ளிக்கூடத்துச் சிநேகிதி வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சோறு தின்ன வந்தவள்தானே! வாரம் முழுக்க டெலிபோன் எக்சேஞ்சில் காதில் மாட்டிக்கொண்டு "நம்பர் ப்ளீஸ்" சொல்லிச் சொல்லித் தலை கனத்துப்போய் வருவேன். என்னை நீ பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இன்னாடி எக்சேஞ்சு, சும்மா ஒக்காந்துனு கெடக்கற? ஒரு அம்பு வுட்டுத்தான் பாரேன்" என்று நீதான் வில்லைக் கையில் கொடுத்தாய். மூன்றாவது அம்பே சேர்ந்தது. கர்வமாகத்தான் சொல்கிறேன், ஆறு மாதத்தில் அங்கே என்னைவிட நன்றாக விடுகிற ஆள் இல்லை. தச்சரே ஒப்புக்கொண்டார்.

ஆனால் சங்கத்துக் கொட்டகைச் சுவரில் வில் மாட்ட எனக்கு ஆணி இல்லை. சங்கத்து உறுப்பினர் நோட்டில் பேர் உள்ளவர்களுக்குத்தான் ஆணி. நோட்டில் பொம்பளை பேர் கிடையாது. நான் யாராவது விட்டுக்கொடுத்த வில்லில் விட்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். குறி சொல்கிற உனக்கும் பேர் இல்லை. நீ அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. எனக்கோ வயிறு எரிந்தது. அந்த ஒரு ஆணிக்காக நான் ஏங்கிய மாதிரி நகைக்கும் ஏங்கவில்லை, புடவைக்கும் ஏங்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு பொங்கல். மறு ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூர் சங்கத்தோடு மேட்ச். நம் பக்கம் ஐந்து பேரில் ஒருவருக்குக் காய்ச்சல். செயலாளர் தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் வந்தார். "நீ வுடும்மா. ஜெயிச்சிட்டோம்னா உம்பேரு, அவ பேரு, ரெண்டும் நோட்டுல ஏத்திடறேன். தோத்தா ஒண்ணும் கேக்கக் கூடாது." நான் நீ இருந்த பக்கம் பார்த்தேன். நீ மாட்டுக் கொம்புக்கு நீலப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாய். "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றாய்.

கடைசியில் இரண்டு பக்கமும் சமம். என் கையில் ஒரு அம்பு. சமமாகவே முடிந்தால் வந்தவர்களுக்கு வெற்றி என்பது வழக்கம், விருந்தாளியைத் தோற்கடித்து அனுப்பக் கூடாதாம். அதனால் என் அம்பு சேர்ந்தால்தான் நாம். காற்று நின்றிருந்தது. இழுத்தேன், விட்டேன். கையை விட்டுப் போகும்போதே நல்ல அம்பு என்று தெரிந்தது. எல்லோரும் "ஓ" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். அம்பு வளையத்துக்குள், ஓரமாக, அழுத்தமாகக் குத்தி நின்றது. தச்சர் என் தலையில் கை வைத்துவிட்டார். அப்போது நீ பள்ளத்திலிருந்து எழுந்தாய்.

"வளையம்!"

யாருக்கும் புரியவில்லை. "உள்ளதாம்மா கீது, கண்ணு தெரியலயா?" என்றார் செயலாளர். "பட்டுட்டுத்தான் உள்ள போச்சு. நான் பாத்தேன்" என்றாய். "எங்க பட்டுச்சு, காட்டு?" வளையம் முழுக்கத் தழும்பு. எதைக் காட்டுவாய்? ஒன்றைக் காட்டினாய். பழசு என்றார்கள். நம் ஆட்கள் எல்லோரும் உன்னைச் சுற்றி நின்று கத்தினார்கள். "நம்ம பக்கம் இருந்துனு இப்படிப் பண்றியே, அறிவிருக்கா?" என்றார் ஒருவர். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாய். ஒரே ஒரு தடவை, கூட்டத்துக்கு மேலே என்னைப் பார்த்தாய். அவ்வளவுதான்.

இப்போது சொல்கிறேன், கேள். எனக்குக் கேட்டது. அம்பு வைக்கோலில் குத்தினால் "தொப்". அந்தத் தொப்புக்கு முன்னால், மயிரிழை முன்னால், ஒரு "டக்". மூங்கில். மற்றவர்கள் எல்லாம் கத்திக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்கும். நூறு மைல் தூரத்தில் ஒருவன் போனை வைக்கிற சத்தத்தைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிற காது இது. ஒரு வார்த்தை, "ஆமாம், பட்டது" என்று நான் சொல்லியிருந்தால் உன்னைச் சுற்றி நின்ற கூட்டம் கலைந்திருக்கும். விட்டவளே சொன்னால் யார் என்ன பேச முடியும்? வாயாடி என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவள் நான். என் ஆயுசில் வாயை மூடிக்கொண்டிருந்தது அன்றைக்கு மட்டும்தான். ஆணி கண்ணுக்குத் தெரிந்தது. அதை நீ பிடுங்கிவிட்டாய் என்று உன்மேல் ஆத்திரம் வந்தது. எனக்காக ஒரு பொய் சொல்லமாட்டாளா என்று, சீச்சீ, எழுதவே கை கூசுகிறது.

கீழ்பென்னாத்தூர் ஆட்கள் வேனில் ஏறப் போனார்கள். அவர்கள் தலைவர், மீசை நரைத்த விவசாயி, ஏறாமல் திரும்பி உன்னிடம் வந்தார். "ஏம்மா, எங்க ஊருக்கும் வந்து குறி சொல்லுவியா? எங்காளுங்க ஒரே பொய்யி. வாய் கூசாம சொல்லுவானுங்க." அப்புறம் செயலாளரைப் பார்த்து, "இந்தம்மா சொல்றதா இருந்தா வருஷா வருஷம் வரோம்" என்றார். செயலாளருக்கு முகம் எப்படியோ ஆகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நோட்டில் உன் பேர் ஏறியது. ஒரு பொம்பளை பேர் ஏறிய பிறகு இன்னொன்றுக்கு என்ன தடை? அதற்குக் கீழேயே என் பேர். எனக்கு ஆணியும் வந்தது. எட்டு வருஷம் அதில் என் வில் தொங்கியது. நான் ஜெயித்து வாங்கியதாகத்தான் வெளியில் சொல்லிக்கொள்வேன். நீ ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை.

அந்த மேட்சுக்கு அப்புறம் நான் உன்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவேன், அம்பு விடுவேன், நீ குறி சொல்வாய், சோறு தின்னாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். பங்குனி வரைக்கும் இப்படியே போயிற்று. ஒரு நாள் எக்சேஞ்சு போர்டில் அடி அண்ணாமலை ரைஸ் மில் லைனுக்கான விளக்கு எரிந்தது. "நம்பர் ப்ளீஸ்" என்றேன்.

"மண்ணு" என்றது குரல்.

இணைப்பைப் பிடுங்கக் கையை நீட்டினேன்.

"இன்னாடி, கோவம் கம்மியாச்சா, இன்னும் ஜாஸ்தியாதான் கீதா? மில்லுக்காரன் மொறைக்கறான், சீக்கிரம் சொல்லு."

சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்க்கும்படி அழுதும்விட்டேன். அந்த வாரம் உன் வீட்டில் கருவாட்டுக் குழம்பு இரண்டு தரம் போட்டுக்கொண்டேன். அதன்பிறகு அந்த அம்பைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தீபத்துக்கு வில்லைத் தொடாமல் கிரிவலக்காரர்களுக்கு மோர் ஊற்றினோம். ஆயுத பூஜைக்கு வில்லுக்கெல்லாம் குங்குமம் வைத்தோம். நீ கீழ்பென்னாத்தூருக்குப் போய்க் குறி சொல்லிவிட்டு மூட்டை நிறைய வேர்க்கடலையோடு பஸ்ஸில் திரும்பி வந்தாய். எனக்கு மாற்றல் வந்து வேலூர் போனேன், கல்யாணம், பிள்ளைகள், ரிட்டயர் ஆகி மறுபடியும் இந்த ஊர். எத்தனை ஞாயிற்றுக்கிழமை நாம் உட்கார்ந்து பேசினோம்! சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். அவளுக்குத் தெரியாததை ஏன் இப்போது கிளற வேண்டும் என்று விழுங்கிவிடுவேன். ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்றைக்கும்கூட மருமகள் சமையலைப் பற்றித்தான் பேசினேன்.

சரி, உன் மகன் சொன்னதைச் சொல்கிறேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"சாவறதுக்கு மொத நாளு அம்மா இத உங்ககிட்ட குடுன்னாங்க ஆன்ட்டி. இன்னாம்மா இதுன்னு கேட்டேன். 'அவளுக்கும் அன்னிக்குக் கேட்டுச்சுடா. மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுது. சொல்ல முடியல அவளால. பாவம், இன்னும் தூக்கினு கெடப்பா. இறக்கி வைக்கச் சொல்லு'ன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

அவன் போனதும் வளையத்தை மறுபடி கையில் எடுத்தேன். அந்த மேட்ச் அன்றைக்குச் சாயங்காலமே, கொம்புக்கு அடித்த மிச்சப் பெயிண்டில், அந்தத் தழும்பை நீ குறித்து வைத்திருக்கிறாய். என்மேல் சாட்சி வைத்துக்கொள்ள என்று நான் நினைத்தேன் பார், நேற்று அந்தச் சமையலறையில் நின்று. உனக்கு அப்படிப் புத்தி போகாது. எனக்குத்தான் போகும்.

இன்று காலை கூடத்துச் சுவரில் ஒரு ஆணி அடித்தேன். வயதாகிவிட்டது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள், மூன்றே அடியில் இறங்கியது. வளையத்தை மாட்டினேன். நீலத் தழும்பு மேலே வரும்படி திருப்பி வைத்தேன். பிறகு அறுபது தப்படிக்குக் கேட்கிற குரலில், நீ பள்ளத்திலிருந்து கத்துவாயே அந்தக் குரலில், "வளையம்!" என்றேன்.

பக்கத்து வீட்டுப் பெண் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "இன்னா ஆன்ட்டி, இன்னாச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "ஒரு மேட்ச்ல தோத்துட்டேன்."