மாடியிலிருந்து இறங்கி வந்த பிரிண்டர்

அக்கா,

சாப்பாட்டு மேசை மேல் இப்போதுதான் அச்சடித்த ஒரு படம் காய்ந்துகொண்டிருக்கிறது. இந்த மை வாசனையை உங்கள் அறைக்கு வெளியே நின்று எத்தனையோ முறை முகர்ந்திருக்கிறேன். மகளைக் கூப்பிட மாடியேறி வருவேன். கதவு பாதி திறந்திருக்கும். உள்ளே பிரிண்டர் கிர்ர் கிர்ரென்று ஓடும். நீங்கள் இரண்டு பேரும் அதன் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பீர்கள். நான் வந்து நிற்பது இரண்டு பேருக்குமே தெரியாது.

நீங்கள் போன பிறகும் உங்கள் மேல் எனக்குப் பொறாமை அடங்கவில்லை. இதை வேறு யாரிடம் சொல்வது? செத்துப்போன ஓரகத்தியைப் பார்த்து வயிறெரிகிறவளை ஊர் என்ன சொல்லும்?

அண்ணனுக்கு நீங்கள், தம்பிக்கு நான். அவனியாபுரத்தில் ஒரே வீடு, மாடியில் நீங்கள், கீழே நாங்கள். நீங்கள் கம்ப்யூட்டர் படித்தவர், நான் விலங்கியல். கல்லூரிப் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடித்துக் கொடுக்க, ஒயர் இல்லாத பிரிண்டர் ஒன்றை டவுன்ஹால் ரோட்டிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினீர்களே, அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மோடமும் எங்கள் கம்ப்யூட்டரும் கீழே, பிரிண்டர் மேலே.

"ஒயரே இல்லாம எப்பிடித்தா பேப்பர் வரும்?" என்று அத்தை கேட்டார்.

"ஒங்க பேத்திய நான் மாடில இருந்து கூப்புடுறேன், அவ ஓடி வாரால்ல அத்தே? அதுக்கு ஒயரா கட்டிருக்கு?" என்றீர்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ஆனால் அன்று ராத்திரி அது எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. நீங்கள் கூப்பிட்டால் அவள் ஓடித்தான் வந்தாள். கைப்பிடியில்லாத அந்தப் படிக்கட்டில் அவள் ஓடும்போதெல்லாம் நான் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்து நிற்பேன். விழுந்துவிடுவாளோ என்ற பயம் பாதி. எவ்வளவு ஆசையாக ஓடுகிறாள் என்பது மீதி.

வண்ணம் தீட்டப் பட்டாம்பூச்சி, மயில், ரயில் என்று அவள் கேட்டதையெல்லாம் அச்சடித்துக் கொடுப்பீர்கள். நான் கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிடுவேன். மேலேயிருந்து உங்கள் குரல்தான் வரும்: "பிள்ளைக்குத் தோசை ஊத்திக் குடுத்துட்டேன்த்தா, நீ சாப்புடு!" அவளுக்காகப் பிசைந்த சோற்றை நானே தின்றிருக்கிறேன்.

ஒருமுறை பிரிண்டர் வேலையைச் சொல்லித்தரச் சொல்லி உங்களிடம் கேட்டேன். "ஒனக்கு எதுக்குத்தா இந்தத் தலவலி? நாந்தான் இருக்கேன்ல" என்றீர்கள். அன்பாகத்தான் சொன்னீர்கள். எனக்கு முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியது போலிருந்தது.

காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு உங்கள் வீட்டுக்காரர் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். "பாப்பாவுக்கு ஆகும். கீழயே வச்சுக்கங்க" என்று வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனார்.

நேற்று பள்ளியில், பக்கத்து ஊர் ஒன்றைப் பற்றிப் படம் ஒட்டி எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். மகள் கீழக்குயில்குடி என்று சொல்லிவிட்டாள். எனக்குக் காய்ச்சலடித்துக் கிடந்த ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் அவளைச் சமணர் மலைக்குக் கூட்டிப்போய்ப் படமெடுத்து வந்தீர்களே, அதுதான் வேண்டுமாம். கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தேன். மலை, தாமரைக் குளம், கற்படுக்கை, எல்லாவற்றிலும் நீங்களும் அவளும். அதை நான் என் கையால் அச்சடிக்க வேண்டும்.

அடிக்கப் போனால் வரவில்லை. கரண்ட் போய் வந்திருந்தது. பிரிண்டரில் விளக்கு எரிகிறது, கம்ப்யூட்டரோ பிரிண்டரே இல்லையென்கிறது. குறுந்தகட்டைப் போட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றினேன். அப்போதும் வரவில்லை.

"அம்மா, ஒனக்கு வராது. பெரியம்மா கைய வச்சா ஒடனே வரும்" என்றாள் மகள். திட்டவில்லை, குறையும் சொல்லவில்லை. மழை வருகிறது என்பது போலச் சொன்னாள். இவர் தட்டிலிருந்து தலை தூக்காமல், "விடு, காலைல கடைல எடுத்துத் தாரேன்" என்றார்.

கடையிலா? என் பிள்ளை கேட்ட ஒரு படத்தை என்னால் எடுத்துத் தர முடியாதா? கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பிரிண்டரின் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அது தன் விவரத்தைத் தானே ஒரு தாளில் அடித்துத் தரும் என்று கையேட்டில் இருந்தது. அடித்தேன். அதில் ஓர் எண் இருந்தது. கம்ப்யூட்டரில் இந்தப் பிரிண்டருக்கு நேரே வேறோர் எண். கரண்ட் போய் வரும்போதெல்லாம் மோடம் வீட்டிலுள்ள கருவிகளுக்குப் புதிதாக எண் கொடுக்கிறது. பிரிண்டருக்கு எண் மாறிவிடுகிறது, கம்ப்யூட்டர் பழைய எண்ணிலேயே தேடுகிறது. அவ்வளவுதான் அக்கா! கரண்ட் வந்ததும் நீங்கள் எல்லாவற்றையும் அணைத்து, முதலில் மோடம், அடுத்து பிரிண்டர், கடைசியில் கம்ப்யூட்டர் என்று போடுவீர்களே, பழைய எண்ணே மறுபடி விழத்தான் என்று இப்போது புரிகிறது. கைராசி என்று வீடே மெச்சிய சங்கதி இதுதான்.

நீங்கள் செய்தது ஒப்பேற்றல். நான் கம்ப்யூட்டர் வழியாகவே பிரிண்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, மோடம் வேறு எதற்கும் கொடுக்காத ஓர் எண்ணாகப் பார்த்து அதை நிரந்தரமாகப் பதித்தேன். கம்ப்யூட்டரிலும் அதே எண்ணைப் போட்டேன். பிறகு எல்லாவற்றையும் வேண்டுமென்றே தாறுமாறாக அணைத்துப் போட்டுப் பார்த்தேன். படம் வந்தது.

மகள் துள்ளிக் குதித்தாள். "அப்பத்தா! பெரியம்மா சாமிட்ட இருந்தே சரி பண்ணிருச்சு!"

"பின்ன? அவ வாங்குன சாமான்ல. விட்டுருவாளா?" என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதுகு வலிக்க உட்கார்ந்திருந்தது நான். "நாந்தான்டி சரி பண்ணேன்" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மகளின் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் போன பிறகு அப்படிச் சிரித்து நான் பார்க்கவேயில்லை. "ஆமாடா" என்றேன்.

இவரிடமாவது சொல்லலாமென்று எண், மோடம் என்று ஆரம்பித்தேன். "அதான் வந்துருச்சுல்ல, அப்புறம் என்ன?" என்று படுக்கப் போய்விட்டார்.

எல்லோரும் தூங்கியாயிற்று. எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் செய்தது எப்பேர்ப்பட்ட வேலை என்று தெரிந்த ஆள் இந்த வீட்டில் நீங்கள் ஒருவர்தான் அக்கா. அந்தப் பொறாமை இன்னும் என்னிடம் அப்படியே இருக்கிறது, இறக்கிவைக்க இடமில்லை. நீங்கள் இருந்திருந்தால் மூச்சு வாங்க மாடியேறி வந்து சொல்லியிருப்பேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒருமுறை சரிபார்த்துவிட்டு, "பரவால்லையேத்தா, எனக்கே இது தோணலயே" என்று மனசில்லாமல் சொல்லியிருப்பீர்கள்.

அந்த முகத்தைத்தான் பார்க்க வேண்டும் எனக்கு.