பரதேசிகளுக்கு நல்வரவு

மார்ச் 2, ஞாயிறு
ஆராதனைக்குப் பதினான்கு பேர், என்னையும் மனைவியையும் சேர்த்து. எல்லோருக்கும் மூட்டுவலி. முழங்காற்படியிடச் சொல்லவே பயமாயிருக்கிறது. ஆண்டு முடிவதற்குள் முப்பது பேர் சேராவிட்டால் ஆலயத்தைப் பூட்டிவிடுவதாக மேலிடத்துக் கடிதம். முப்பது பேரை எங்கே போய்ப் பிடிப்பேன்?

மார்ச் 9
புதிதாக இரண்டு பேர்! எதிர் அடுக்குமாடியில் இருக்கும் நர்ஸ் அம்மாவும் மகளும். சந்தோஷத்தில் கையை விரித்து, "நம் நடுவே வந்திருக்கும் இந்தப் பரதேசிகளை அன்போடு வரவேற்போம்" என்றேன். மூப்பர்கள் பலமாகக் கைதட்டினார்கள். அந்த அம்மா மகளை இழுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். என்ன அவசரமோ.

மார்ச் 10
மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "வேதத்துல பரதேசின்னா வழிப்போக்கன். ரோட்ல அது திட்டுங்க! தேடி வந்தவங்கள மேடையில நின்னு திட்டியிருக்கீங்க."
ஐயோ. இதெல்லாம் ஒரு வாயா?

மார்ச் 12
மன்னிப்புக் கேட்கப் போனேன். நர்ஸ் அம்மா கதவைப் பாதிதான் திறந்தார். "அந்த வார்த்தைய விடுங்க சார். உக்காந்திருந்த வரைக்கும் பாதி புரியல. நடுவுல கைதூக்கிக் கேக்கலாமா?" இனி ஞாயிறுகளில் அவருக்கு டியூட்டி. வியாழன் சாயங்காலம் என்றால் வருவாராம்.

மார்ச் 16
கமிட்டி. மூத்த மூப்பர் கணீர் (மைக் வேண்டாத குரல், அதனால் அந்தப் பெயர்) எகிறினார். "வியாழக்கிழமை ஆராதனை, பிரசங்கத்துல குறுக்குக் கேள்வி! இது கோயிலா, டீக்கடையா?"
நானும் கத்திவிட்டேன். "அப்போ ஒருத்தர ஒருத்தர் அடக்கம் பண்ணிட்டு, கடைசி ஆள் கதவச் சாத்திட்டுப் போகட்டும்!"
ஒரு மாதம் பார்க்கலாம் என்று முடிவு. கர்த்தாவே, எனக்கே நம்பிக்கையில்லை. போதகன் எழுதக்கூடாததை எழுதுகிறேன்.

மார்ச் 20, வியாழன்
நர்ஸ், மகள், மனைவி, நான். அவ்வளவுதான்.

ஏப்ரல் 10, வியாழன்
ஏழு பேர். வேவு பார்க்கக் கணீரும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நர்ஸ் கைதூக்கினார். "மூச்சுக்கு மூச்சு கிருபைங்கறீங்களே, அப்படின்னா என்ன சார்?"
வேதத்தைப் புரட்டிப் புரட்டித் தேடினேன். எனக்கே அர்த்தம் தெரியாது. இருபத்தாறு வருடப் போதகன்!
பின்னாலிருந்து, கணீர்தானா என்று சந்தேகப்படும்படி மெல்லிய குரல். "நல்லாக் கேட்டம்மா. அறுபது வருஷமா ஜெபத்துல சொல்றேன். எனக்கும் தெரியாது. கேக்க வெக்கமா இருந்துச்சு."

ஆகஸ்ட் 3
இன்னொரு அடக்கம். சலிக்கிறது.

டிசம்பர் 16
முப்பது தேறவில்லை. பூட்டுகிறார்கள். மனைவி பார்க்காமல் அழுதேன், பார்த்துவிட்டாள்.
கணீர் வந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். "கோயிலப் பூட்டட்டும் பாஸ்டர். வியாழக்கிழமைய மட்டும் நிறுத்திராதீங்க. எங்க வீட்டு ஹால்ல வச்சுக்கலாம்."
நர்ஸைக் கூட்டிப்போய் ஏற்கெனவே காட்டிவிட்டாராம். பதினோரு நாற்காலி போடலாம். பன்னிரண்டாவதாக யார் வந்தாலும் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, தான் கட்டிலில் உட்கார்ந்துகொள்வாராம்.