சிரிக்க வைத்த வாக்கியம்

இன்று காலை கைப்பையில் உன் வெள்ளை வக்கீல் கழுத்துப்பட்டை கிடைத்தது. என்னுடையதில் மை கொட்டிய நாளில் நீ கட்டிவிட்டது. கஞ்சி வாசனை இன்னும் இருக்கிறது. அதையே கட்டிக்கொண்டு என் கட்சிக்காரர் ஞானம்மாவின் மேல்முறையீட்டுக்குப் போனேன்.

"சிரிச்சுட்டா அப்புறம் ஜட்ஜால கோவிச்சுக்க முடியாதுடி" என்பாய். எங்கே நிறுத்த வேண்டும், யாரைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். உன்னைச் சிரிக்க வைப்பது எனக்குப் பரீட்சை மாதிரி. கிங்ஸ் சர்க்கிளில் காபி குடித்தபோது அப்படித்தான் உளறினேன். ஞானம்மாவின் தாராவி ஒற்றை அறை வீட்டை அவருடைய கொழுந்தனார் பறிக்கப் பார்க்கிறார். ஞானம்மாவோ கோயில் திருவிழாவுக்குப் பத்து நாள் என்று ஊருக்குக் கிளம்பி, இரண்டு மாதம் கழித்து வருகிறவர். "தாராவிக்குத்தான் லீவுல வர்றாங்க" என்றேன். காபி சிந்தச் சிரித்தாய்.

அடுத்த வாய்தாவில் கொழுந்தனாருக்காக நீ எழுந்தாய். அதே வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னாய். நீதிபதி சிரித்தார், குமாஸ்தா சிரித்தார். என்னவென்று புரியாமல் ஞானம்மாவும் சிரித்தார்.

"ஐயா சிரிச்சிட்டாவள்ளா, நமக்கு நல்லதுதான வக்கீலம்மா?"

அவர் அங்கே குடியிருப்பவரே இல்லை என்று தீர்ப்பானது; தோற்றோம். பிறகு கோப்பைப் புரட்டினேன். கொழுந்தனாரின் வக்காலத்தில் நீ கையெழுத்திட்டது அந்தக் காபிக்கு நான்கு நாள் முன்னால். தெரிந்தே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். ஏன் என்று உன்னைக் கேட்பதற்குள் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாய். கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் உன் வீட்டு வாசலில் நின்றேன். உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

இன்று எனக்கும் ஒரு வாக்கியம் தோன்றியது. நீதிமன்ற வராந்தாவில் முதலில் ஞானம்மாவிடம் தமிழில் சொல்லிப் பார்த்தேன்: "கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணி ஊத்தத்தான் கொழுந்தனார்ட்ட சாவி கொடுத்தீங்க. ஊத்துனவரே வேர் விட்டுட்டாரு."

"நெசந்தான! சொல்லுங்க, அப்படியே சொல்லுங்க" என்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

உள்ளே அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். நீதிபதி சிரித்தார். நான் ஞானம்மாவைத்தான் பார்த்தேன். வீட்டைக் காலி செய்யச் சொன்ன தீர்ப்புக்கு இடைக்காலத் தடை கிடைத்தது.

படியிறங்கும்போது ஞானம்மா கேட்டார்: "அன்னைக்கு அவுக பக்கம் பேசிச்சே ஒரு பிள்ளை, வரலியா? எல்லாரையும் நல்லாச் சிரிக்க வச்சிச்சு."

வரவில்லை என்றேன். அன்று எதற்குச் சிரித்தார்கள் என்றோ, அந்த வாக்கியம் முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்றோ அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.